கூட்டம் எங்கே என்று ஒரு வரி போடுங்கள்

ஆசிரியருக்கு,

குடிப்பழக்கம் பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ‘தகுந்த ஆலோசனை பெறவும்’ என்பதோடு முடிந்துவிடுகின்றன. குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் கூட்டம் எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதுதான் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவருக்கு வேண்டியது. கை நடுக்கம் நின்று வீட்டுக்கு வந்தவர் அடுத்த கோயில் கொடைக்குள் மறுபடியும் குடிக்கத் தொடங்குவதற்கு, இடையில் போய் உட்கார ஓர் இடம் தெரியாமல் போவதும் ஒரு காரணம்.

அப்படிப்பட்ட கூட்டங்களை நடத்துவது, 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. என்ற அமைப்பு. அது தன்னைத் தானே விளம்பரப்படுத்திக்கொள்வதில்லை. தேடித்தான் போக வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். போதை மீட்புக்கான கட்டணமில்லா எண் 14446, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகியவற்றிலும் விசாரிக்கலாம். ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்களின் பட்டியலும் உண்டு. ஆனால் பட்டியலை மட்டும் நம்பி பஸ் ஏறிவிடக் கூடாது. இடம் மாறியிருக்கும், கிழமை மாறியிருக்கும். அந்தக் குழுவுக்கு முதல் நாளே போன் செய்யுங்கள். எடுப்பவரும் வேலைக்குப் போய் வருகிற ஓர் உறுப்பினர்தான். பகலில் எடுக்காவிட்டால் இரவில் மறுபடி கூப்பிடுங்கள். கூட்டம் தமிழில் நடக்குமா, எந்த வாசல் வழியாக வர வேண்டும், பஸ் ஸ்டாப்பில் யாராவது நிற்பார்களா, எத்தனை மணிக்கு முடியும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். முக்கூடலுக்கோ ராதாபுரத்துக்கோ கடைசி பஸ்ஸை விட்டவர் அடுத்த வாரம் வர மாட்டார்.

போன் செய்ய வேண்டியது குடிப்பவரே. மனைவியோ அம்மாவோ கூப்பிட்டால், குடும்பத்தாருக்கென்றே உள்ள அல்-அனான் கூட்டத்துக்கு வழி சொல்வார்கள். வீட்டுக்காரர் வர மறுத்தாலும் அவர்கள் தனியே அங்கே போகலாம், போவது நல்லது. ‘திறந்த கூட்டம்’ என்றால் யாரும் போய்க் கேட்கலாம். ‘மூடிய கூட்டம்’ குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு தயக்கமும் உண்டு. கூட்டம் பல இடங்களில் சர்ச் வளாக அறையிலோ பள்ளி வகுப்பறையிலோ நடக்கும். மதம் மாற்றுகிறார்களோ என்று சிலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். ஏ.ஏ. எந்த மதத்தையும் கட்சியையும் சேர்ந்ததல்ல; இடம் மட்டும்தான் சர்ச்சுடையது அல்லது பள்ளியுடையது. கடவுளைப் பற்றிப் பேச்சு வரும், உண்மை. அவரவர் புரிந்துகொண்டபடி என்பதுதான் அங்கே கணக்கு. சாஸ்தா கோயில்காரரும், தர்காவுக்குப் போகிறவரும், சாமியே இல்லை என்பவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம்.

உள்ளே என்ன நடக்கும்? ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். நடுவே குறுக்கிட்டு யாரும் புத்தி சொல்வதில்லை. முழுப் பெயர், சாதி, வேலை எதுவும் சொல்ல வேண்டாம். ‘இன்றைக்குக் கேட்க வந்தேன்’ என்றால் போதும். கட்டணம் கிடையாது, கடைசியில் பெட்டி சுற்றி வரும், புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. வெளியே வருமுன் இரண்டு மூன்று பேரின் போன் நம்பரை வாங்கிக்கொள்வதுதான் உண்மையான பலன். கொடை ராத்திரியிலோ கல்யாண வீட்டிலோ நண்பர்கள் ‘ஒரு கட்டிங் மட்டும்’ என்று கூப்பிடும்போது, முதல் மடக்குக்கு முன்னால் பேசத்தான் அந்த நம்பர். குடித்த பிறகு பேசுவதில் பாதி பயன்கூட இல்லை. முதல் கூட்டத்தில் ஒருவருடைய பேச்சு பிடிக்கவில்லை என்று விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிற தவறு. ஐந்தாறு தடவையாவது, முடிந்தால் வேறு வேறு குழுக்களில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

ஓர் எச்சரிக்கை. காலையில் ஊற்றினால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், கூட்டத்துக்குப் போகிறோம் என்று வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம்; இரண்டு முதல் நான்கு நாளுக்குள் ஆள் நிலைதடுமாறி, இல்லாததைப் பார்த்துப் பேசலாம். உயிரே போகக்கூடிய கட்டம் அது. முதலில் மருத்துவமனை, பிறகு கூட்டம். டாக்டர் கொடுத்த மாத்திரையை விடச் சொல்வது ஏ.ஏ.வின் வேலையல்ல, எந்த உறுப்பினராவது சொன்னாலும் கேட்க வேண்டாம். ‘குடிப்பவருக்குத் தெரியாமலே’ சோற்றில் கலந்து கொடுக்கச் சொல்லும் பொடிகளைத் தொடவே கூடாது. மதுவோடு சேர்ந்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து இதயம்வரை பாதிக்கும்.

ஏ.ஏ.வுக்கு நோயாளிகளை முறையாக வழிப்படுத்தும் சிகிச்சைகள், ஓராண்டு தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற பேச்சுவழிச் சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்ததாக, 27 ஆய்வுகளைத் தொகுத்த மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது. வழிப்படுத்துவது என்றால் ‘போய்ப் பாருங்கள்’ என்று வாயால் சொல்வதல்ல. இடத்தையும் நேரத்தையும் கையில் கொடுத்து, ஆளையும் அறிமுகப்படுத்துவது.

ஆகவே ஒரு கோரிக்கை. ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் கதாகாலட்சேபத்துக்கும் ரத்ததான முகாமுக்கும் இடம் தருகிறீர்கள். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பதிப்புகளில் வாரம் ஒரு நாள், அந்தந்தக் குழுவின் சம்மதத்தோடு, கூட்டம் நடக்கும் இடம், நேரம், திறந்ததா மூடியதா, அருகிலுள்ள பஸ் ஸ்டாப் இவற்றை ஒரு வரியில் போடுங்கள். படமும் பெயரும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வரியைச் சரிபார்க்க உங்கள் நிருபர் ஒருவரிடம் பொறுப்புக் கொடுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
பாளையங்கோட்டை