ரால்ஃப் எங்கே கோட்டைவிட்டான்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' (1954) நாவல் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரை, விமானம் விழுந்து, பெரியவர்கள் இல்லாத தீவில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்குள் உறங்கும் மிருகம் விழித்துக்கொள்கிறது என்று முடிகிறது. கோல்டிங்கும் பேட்டிகளில் ஏறத்தாழ அப்படித்தான் பேசினார். ஆனால் நாவலில் ஜாக் என்ற பையன், தலைவன் ரால்ஃபிடமிருந்து ஆட்சியைப் பிடிக்கும் விதத்தில் வெறியைவிடக் கணக்கே அதிகம்.

மற்ற பையன்கள் உதிரிகளாகக் கரைக்கு வருகிறார்கள். ஜாக் மட்டும் கறுப்பு அங்கி போட்ட பாடகர் குழுவை வரிசையாக நடத்திக்கொண்டு வருகிறான். அவன் உத்தரவுக்காக வெயிலில் நின்று சைமன் மயங்கி விழுகிறான். தலைவன் தேர்தலில் ஜாக்கைத் தோற்கடித்து ரால்ஃப் ஜெயிக்கிறான். தோற்றவன் முகம் வாடியதைப் பார்த்து, அந்தக் குழுவை அவன் பொறுப்பிலேயே விட்டுவிடுகிறான். அவர்கள்தான் வேட்டைக்காரர்கள். ஈட்டி வைத்திருக்கும் ஒரே கூட்டத்தைத் தோற்ற வேட்பாளரிடம் கொடுத்துவிட்டு, பையன்களைக் கூட்டவும் பேச உரிமை தரவும் பயன்படும் சங்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் நடத்தினால் எத்தனை நாள் ஓடும்?

அடுத்தது கறி. கப்பலுக்கு அடையாளம் காட்ட மூட்டிய நெருப்பைக் காக்க வேண்டியவர்களையும் ஜாக் வேட்டைக்குக் கூட்டிப்போனதால் நெருப்பு அணைந்து, கப்பல் கடந்துபோய்விடுகிறது. நியாயம் முழுக்க ரால்ஃப் பக்கம். ஆனாலும் வாட்டிய பன்றிக்கறியை அவனும் வாங்கித் தின்கிறான். ரால்ஃபின் தோழன் பிக்கிக்கு மட்டும் ஜாக் தர மறுக்கிறான். சைமன் தன் பங்கைக் கொடுத்ததற்கும் ஜாக் சீறுகிறான். யாருக்குச் சாப்பாடு என்று முடிவு செய்பவன் யார் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. எட்டாம் அத்தியாயத்தில் ரால்ஃபைத் தலைமையிலிருந்து இறக்க ஜாக் வாக்குக் கேட்டபோது ஒரு கைகூட உயரவில்லை. ஜாக் அழுதுகொண்டே போகிறான். அப்புறம் பெரிய பையன்கள் ஒவ்வொருவராக அவன் பக்கம் நழுவுகிறார்கள்.

பயத்தை அவன் கையாள்வதை இன்னும் கூர்ந்து படிக்க வேண்டும். தீவில் ஒரு மிருகம் உலவுவதாகப் பயந்த பையன்கள், சைமனை அதுவென்று நினைத்து அடித்துக் கொன்ற மறுநாள், வந்தது வேடமிட்ட மிருகம், அதைக் கொல்ல முடியாது, மறுபடியும் வரலாம் என்கிறான். செத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால் காவலும் காவல் தலைவனும் எதற்கு? அதே பத்தாம் அத்தியாயத்தில் வில்ஃப்ரெட் என்ற பையனைக் கட்டிவைத்து அடிக்க உத்தரவாகிறது. காரணம் யாருக்கும் தெரியாது. இரவில் கொள்ளையடிக்க வரும்போது சங்கைத் தொடாமல் நெருப்பு மூட்ட உதவும் பிக்கியின் மூக்குக்கண்ணாடியை மட்டும் எடுத்துப்போகிறார்கள். எது அதிகாரம் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

தீவின் முனையில் இருக்கும் பாறைக்கோட்டையைப் பார்த்ததும், மரத்தடியால் நெம்பினால் எதிரிமேல் கல்லை உருட்டலாம் என்று ஜாக்கின் மூளை ஓடுகிறது. ரால்ஃபுக்கு அது சோறும் கூரையும் இல்லாத வீண் இடம். முன்பு சின்னப் பையனைச் சுற்றிப் படாமல் கல்லெறிந்துகொண்டிருந்த, ஜாக்கின் ஆளான ரோஜர்தான், பின்னால் அங்கிருந்து பாறையை உருட்டி பிக்கியைக் கொல்கிறான்.

டோங்கா நாட்டுச் சிறுவர் ஆறு பேர் 1965 முதல் 1966 வரை சுமார் 15 மாதம் ஆளில்லாத அட்டா தீவில் சிக்கி ஒற்றுமையாக வாழ்ந்ததைச் சொல்லி, கோல்டிங் பொய்த்துவிட்டார் என்கிறது கட்டுரை. அவர்கள் ஒரே பள்ளியில் படித்த நண்பர்கள். இரண்டிரண்டு பேராக முறைவைத்து வேலை செய்தார்கள். அணையாமல் நெருப்பைக் காத்தார்கள். அங்கே படையோடு வந்து இறங்கிய ஜாக் யாரும் இல்லை. அதை நாவலுக்கு மறுப்பாக வைப்பது பொருந்தாது.

ஒரு திருத்தம். பிக்கிக்குத் தூரப்பார்வை என்று கட்டுரையில் இருக்கிறது. நாவலில் அது கிட்டப்பார்வை. அதற்குப் போடும் குழிவில்லை வெயிலைக் குவிக்காது, விரிக்கும். அதை வைத்து ஒரு சருகைக்கூடப் பற்றவைக்க முடியாது. பிழை கோல்டிங்குடையது. அவர் இலக்கியத்துக்கு மாறுமுன் ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு ஆண்டு அறிவியல் படித்தவர் என்பதுதான் வேடிக்கை.

– வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை