ஹௌகேயின் ஜெபம்

அன்பு மகளுக்கு,

ஹாம்பர்கிலிருந்து நீ போனில் சொன்னது மனதை விட்டு அகலவில்லை. பேரன் இன்குபேட்டரில் இருந்த பதினொரு நாளும் "உம்மால் கூடுமானால்" என்றே ஜெபித்ததாகவும், அது விசுவாசக் குறைவோ என்றும் கேட்டு அழுதாய்.

உன் ஊருக்கு வடக்கே, வடகடலோரத்தில் ஹூசும் இருக்கிறதல்லவா? அங்கே பிறந்த தியோடர் ஸ்டோர்மின் 'டெர் ஷிம்மல்ரைட்டர்' குறுநாவலை மொழிபெயர்ப்பில் மறுபடி எடுத்துப் படித்தேன். 1888-இல் வந்தது. நாயகன் ஹௌகே ஹையன், கடலணையைக் காக்கும் அதிகாரி, கணக்கில் கெட்டிக்காரன். பல வருடம் காத்திருந்து குழந்தை பிறக்கிறது. பிறந்த கையோடு மனைவி எல்கே பிரசவக் காய்ச்சலில் பிதற்றுகிறாள். அப்போது அவன் கதறுகிறான்: அவளை எடுத்துக்கொள்ளாதேயும் ஆண்டவரே, நீர் நினைப்பதையெல்லாம் உம்மாலும் எப்போதும் செய்ய முடியாது என்று அறிவேன், ஒரு மூச்சளவாவது என்னோடு பேசும்.

எல்கே பிழைத்துவிடுகிறாள். ஆனால் அந்த ஜெபம் வெளியே கசிந்து, வீடுகளில் கூடும் பக்திக் கூட்டத்தை எட்டுகிறது. கடவுளின் வல்லமையை மறுத்தவன் என்று ஊர் அவனை ஒதுக்குகிறது.

அதே ஊரார் புதிய அணையை அடைக்கும்போது செய்வதைப் பார், மகளே. உயிருள்ள ஒன்றைப் புதைத்தால்தான் அணை நிற்குமென்று ஒரு நாய்க்குட்டியை மண்ணுக்குள் வீசுகிறார்கள். ஹௌகேதான் அதை மீட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் மகளுக்குக் கொடுக்கிறான். யார் பக்தன், யார் பாவி என்று ஸ்டோர்ம் ஒரு வரிகூடப் போதிக்கவில்லை. சேறு படிந்த அந்தக் குட்டியைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்த இடம்போல் எதுவும் என்னை உலுக்கியதில்லை.

ஸ்டோர்முக்குத் திருச்சபை நம்பிக்கை இல்லை. தன் கல்லறையருகே பாதிரியார் வரக்கூடாது என்று கவிதையிலேயே எழுதினார், அப்படியே ஹூசுமில் அடக்கமானார். அந்த மனிதரின் பேனாவிலிருந்துதான் இந்த ஜெபம் வந்தது. கடைசியில் பழைய அணை உடைந்து, மனைவியையும் பிள்ளையையும் வெள்ளம் கொண்டுபோகிறது. "ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும், மற்றவர்களை விட்டுவிடும்" என்று கூவியபடி ஹௌகே குதிரையோடு உடைப்பில் பாய்கிறான்.

உன் பதினொரு நாள் ஜெபமும் அவன் ஜெபத்தின் ஜாதிதான். அதற்காக நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

குளிர் குறைந்ததும் பேரனைத் தூக்கிக்கொண்டு ஹூசும் போய் வா. அணைமேல் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு; அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா