பிஞ்சுக் காதுகளைக் காப்போம்

ஆசிரியருக்கு,

குழந்தைகளோடு நேரடி இசை நிகழ்ச்சிக்குச் செல்வது பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். கட்டாயம் அழைத்துப் போகலாம். ஆனால் காதுகளைக் காக்காமல் கூடாது. இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. பிஞ்சுக் காதுகளுக்கு அதுவே அதிகம். ஒலியை உணரும் உட்செவியின் நுண்மயிர் செல்கள் பேரொலியால் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

முதல் நிகழ்ச்சியில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டோம். இரண்டாவது பாட்டிலேயே எங்கள் 6 வயது மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். பஞ்சு வைத்தும் பயனில்லை. அடுத்த முறை காதை முழுதாக மூடும் ஒலித்தடுப்பானை மாட்டி, பின்வரிசையில் அமர்ந்தோம். அப்புறம் கடைசிப் பாட்டு வரை கைதட்டினாள். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அமைப்பாளர்கள் நுழைவாயிலில் ஒலித்தடுப்பான்களை இரவல் தரலாம். ஒலிபெருக்கிகளைவிட்டுத் தள்ளிக் குடும்பங்களுக்கு இருக்கைகள் ஒதுக்கலாம்.