2024-25 ஆண்டறிக்கை: உண்ணி, தெள்ளு, சந்தா பாக்கி

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். போன ஞாயிறு நம் குடியிருப்போர் சங்கப் பொதுக்குழுவில் வாசிக்க எழுதி வைத்த அறிக்கை இது. 46 வீடுகளிலிருந்து வந்தவர்கள் 11 பேர். கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் கலைந்தோம், கேசரி பாதிக்கு மேல் மிச்சம். வராதவர்களும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன்.

பொங்கல் விழா நடந்தது. ஆகஸ்ட் 15 கொடியேற்றினோம். சம்ப் இரண்டு முறை கழுவினோம். லிஃப்ட் ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று.

சரி, உண்ணி விஷயம். "செயலாளர் தன் நாய்க்காகச் சங்கப் பணத்தில் மருந்தடித்தார்" என்று ஒரு பேச்சு ஓடுவது என் காதுக்கும் வந்தது. ஆரம்பம் என் வீடுதான், மறுக்கவில்லை. ஜூன் மாதம் எங்கள் நாய் மணி மூன்று நாள் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று தயிர்சாதம் கொடுத்துப் பார்த்தோம், நாலாம் நாள் மூக்கில் ரத்தம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினால், ரத்தத் தட்டணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கின்றன, உண்ணி கடித்து வரும் எர்லிக்கியா என்ற நோய் என்றார்கள். 28 நாள் டாக்சிசைக்கிளின் என்ற ஆன்டிபயாடிக். பிழைத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ராத்திரியே, உண்ணி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, மெயினை அணைத்துவிட்டு ஹாலில் ஸ்விட்ச் போர்டைக் கழற்றினேன். வயருக்குப் பின்னால், கேழ்வரகைவிடச் சின்னதாய், பழுப்பாய், ஒன்றோடொன்று ஒட்டிய முட்டைக் குவியல், பக்கத்தில் முட்டையிட்டு முடித்துச் செத்துச் சுருங்கிய தாய். ஒரு உண்ணி நாலாயிரம் முட்டை வரை இடுமாம். செலோடேப்பால் ஒட்டி ஒட்டி எடுத்து சோப்புத் தண்ணீரில் போட்டேன்.

பலருக்குப் புரியாதது இதுதான். உண்ணி நாயின் மேல் இருப்பது ஒவ்வொரு பருவத்திலும் சில நாள்தான். ரத்தம் குடித்துவிட்டு உதிர்ந்து, சுவரில் ஏறி, விரிசலில் போய்ப் பதுங்கிக்கொள்ளும், பசியோடு மாதக்கணக்கில் காத்திருக்கும். நான் மட்டும் மருந்து போட்டு எதிர்வீட்டுக்காரர் போடாவிட்டால் என்ன பிரயோஜனம்? அதனால்தான் செல்லப்பிராணி உள்ள 17 வீடுகளும் ஒரே வாரத்தில் டாக்டர் எழுதித் தந்த மருந்தைக் கொடுப்பது, படிக்கட்டு விரிசல்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை மருந்தடிப்பது என்று திட்டம் போட்டேன். முட்டையை மருந்து கொல்லாது, பொரித்து வந்த பிறகு பிடிக்க வேண்டும், அதற்குத்தான் மூன்று தடவை.

ஒன்பது வீடுகள் செய்தன. மற்றவர்கள் சொன்ன காரணங்களைத் தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். "எங்க நாய் ஏ.சி. ரூமிலேயே இருக்கு சார்" என்றவரின் நாய்க் காதுக்குள் நானே ஆறு உண்ணி எடுத்துக் காட்டினேன், அப்போதும் அது மரு என்றார். இன்னொருவர் மண்ணெண்ணெய் தடவி நாயின் தோல் வெந்துபோனது. நாய் மருந்துதானே என்று பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உள்ள சொட்டுமருந்தைப் பூனைக்கும் போட்ட வீடும் உண்டு. பூனைக்கு அது விஷம்! உடம்பெல்லாம் உதற ஆரம்பித்து, நள்ளிரவில் டாக்டரிடம் ஓடினார்கள். தயவுசெய்து மருந்து அட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

தெருநாய்களைத் துரத்தச் சொன்ன பெரியவருக்கு: 2023 விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அவற்றுக்குச் சோறு வைக்க இடம் ஒதுக்க வேண்டியதே நம் சங்கம்தான். நான்கு நாய்களுக்கும் ஈரலில் வைத்து மாத்திரை கொடுத்தாயிற்று.

நவம்பரில் பி பிளாக்கில் நாலு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் புதுக் குடித்தனக்காரர்கள் கணுக்காலெல்லாம் தடிப்போடு என்னிடம் வந்தார்கள். ஆளில்லாத வீட்டில் எப்படித் தெள்ளு என்று சண்டை. முன்பு இருந்தவர்கள் பூனை வளர்த்தார்கள், தெள்ளு கூட்டுப்புழுவாகத் தரை இடுக்கில் கிடந்திருக்கிறது, காலடி அதிர்வு பட்டதும் வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் உங்கள் பிராணியைச் சீவி, விழும் கறுப்புத் தூளை ஈரமான டிஷ்யூவில் வையுங்கள். சிவப்பாகக் கசிந்தால் தெள்ளின் கழிவு, அதாவது உங்கள் பிராணியின் ரத்தம். அரிசி போலப் புழு மலத்தில் வந்தால் அதுவும் தெள்ளை விழுங்கியதால் வரும் நாடாப்புழுவாக இருக்கலாம், குடற்புழு மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும்.

வரவு செலவு பொருளாளரிடம் இருக்கிறது. கையிருப்பு போன வருடத்தைவிடக் கொஞ்சம் குறைவு, பயப்படும் அளவுக்கு இல்லை. உண்ணித் திட்டத்துக்கு வீட்டுக்கு 300 ரூபாய் கேட்டோம், ஆறு வீடுகள் தந்தன. மீதியை யார் போட்டார் என்று நான் சொல்லப்போவதில்லை, என் மனைவி சொல்வாள். மாதச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்களில் இரண்டு பேர் கமிட்டி உறுப்பினர்கள், பெயர் வேண்டாம்.

தலைவர், பொருளாளர், வாட்ச்மேன், மூன்று முறையும் கூட வந்து மருந்தடித்த தோட்டக்காரர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நான் தொடர விரும்பவில்லை, உடம்பும் ஒத்துழைக்கவில்லை. வெயில் ஏற ஏற உண்ணி வேகமாகப் பெருகும் என்பதால் இந்த மாதமே முதல் சுற்றை ஆரம்பித்தாக வேண்டும். வேறு யாரும் முன்வராவிட்டால், எல்லாரும் கேட்டுக்கொண்டால், பார்க்கலாம். ஸ்பிரேயர் என் பால்கனியில் இருக்கிறது, பொறுப்பேற்பவர் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். வாஷர் ஒழுகுகிறது, அதை மட்டும் மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்