விரலைத் தொட்டுப் பார், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். ஆச்சிக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்தால் ரெண்டு நாள் நடப்பாள், அப்புறம் உட்கார்ந்துவிடுவாள். கோவில்பட்டி வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. பின்வாசல் முருங்கை பூத்துக் கொட்டுகிறது. வாசலைப் பெருக்கிப் பெருக்கி இடுப்பு போகிறது. சரி, அதெல்லாம் இருக்கட்டும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீ கேமராவைப் போடாமலே பேசுகிறாய். நெட் சரியில்லை என்கிறாய். நெட் சரியில்லை என்றால் குரல் விட்டுவிட்டு வருமே பாப்பா, உன் குரல் தெளிவாகத்தான் வருகிறது, தொண்டைதான் கட்டியிருக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே பார்க்கிற வேலை, மத்தியானம் ரெண்டு ரொட்டித் துண்டோடு நிறுத்தாதே, சோறு கட்டிக்கொண்டு போ. அப்பா திவசத்தன்று நீ ஒரு ஐந்து நிமிஷம் போனில் முகம் காட்டியிருக்கலாம், பெரியப்பா மூன்று தடவை கேட்டார், டியூட்டி என்று சொல்லி வைத்தேன். அது பரவாயில்லை.

நீ வாய் தவறி ஒன்று சொன்னாய். "ஒரு ஸ்டேட்மெண்ட் எழுதிக் கொடுக்கணும்மா" என்று ஆரம்பித்துவிட்டு, நான் என்ன என்று கேட்பதற்குள் "ஒண்ணுமில்ல, சும்மா ஆபீஸ் வேலை" என்று பேச்சை ஆச்சி பக்கம் திருப்பிவிட்டாய். நானும் ஆச்சி கையில் போனைக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

உன்னைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. அந்த ஆங்கிலப் பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் செய்தாய், ஒரு ஆள் துணையில்லாமல் விமானம் ஏறினாய், இன்றைக்கு இங்கிலாந்தில் எலும்பு முறிவு கிளினிக்கில் சிஸ்டராக நிற்கிறாய். நீ அங்கே என்னென்ன செய்கிறாய் என்று சொல்லும்போதெல்லாம் நான் இங்கே உட்கார்ந்தபடி கூடவே செய்துகொண்டிருப்பேன். தையல் பிரிப்பது, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் சீழ் இருக்கிறதா என்று பார்ப்பது, ஆபரேஷன் ஆனவர்களின் கெண்டைக்கால் வீங்கியிருக்கிறதா, இரத்தம் உறைந்துவிட்டதா என்று கவனிப்பது. கக்கத்துக் கட்டையை அக்குளில் முட்டவிடாமல் ரெண்டு மூன்று விரல் இடைவெளி விட்டுப் பிடிக்கவும், பாரத்தைக் கையில் தாங்கவும், படி ஏறும்போது நல்ல காலையும் இறங்கும்போது அடிபட்ட காலையும் முதலில் வைக்கவும் ஒவ்வொருத்தருக்கும் நீ சொல்லிக் கொடுப்பதை நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும். அதையெல்லாம் நானும் இருபத்தாறு வருஷம் சொல்லியிருக்கிறேன். அங்கே மாவுக்கட்டுப் போடத் தனி ஆள் உண்டு என்றாய். எங்கள் கிளினிக்கில் எல்லாம் நான்தான். நாலு இஞ்சு ரோல், ஆறு இஞ்சு ரோல், பக்கெட்டில் தண்ணீர், முக்கியதும் குமிழி நிற்கும்வரை காத்திருப்பேன். சுடுதண்ணீர் ஆகாது, மாவு இறுகும்போது தானே சூடாகும், தண்ணீரும் சுட்டால் தோல் வெந்துவிடும். ஈரக்கட்டை உள்ளங்கையால்தான் தாங்க வேண்டும், விரல் நுனி பட்டால் அந்தக் குழி உள்ளே போய் அழுத்திப் புண்ணாகிவிடும்.

மெட்டிக்காரி கதை உனக்கு ஞாபகம் இருக்கும். கணுக்கால் முறிந்து வந்து, மெட்டியை மட்டும் கழற்றமாட்டேன் என்று அழுதாளே. விரல் வீங்கினால் அந்த வெள்ளியே விரலை அறுத்துவிடும் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் நூலை நெருக்கமாகச் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு நான் உருவியெடுத்தேன். அதை அவள் முந்தானையிலேயே முடிந்து கொடுத்தேன். அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தவள்தான் உன் அம்மா, ஊரில் எல்லாருக்கும் அது தெரியும்.

கட்டுப் போட்டவர்களின் விரலைப் பார், பாப்பா. எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் பார். நகத்தை அழுத்தி விட்டால் ரெண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். மற்ற கையோடு ஒப்பிட்டுத் தொட்டுப் பார். விரலை நீயே மெதுவாக நீட்டிப் பார், அப்போது உயிர் போகிற மாதிரி வலித்தால் உடனே டாக்டரைக் கூப்பிடு. நாடி துடிக்கிறது என்று ஏமாந்துவிடாதே, நாடி துடித்துக்கொண்டே இருக்கும்போதே உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். இதெல்லாம் உனக்குத் தெரியும், எனக்குச் சொன்னதே நீதானே. போன வருஷம், சின்னப் பிள்ளைகள் வலி மருந்து கொடுத்த பிறகும் மறுபடி மறுபடி கேட்டாலே அது எச்சரிக்கை என்று அங்கே சொல்லித் தருகிறார்கள் என்றாயே, அன்றைக்கு நான் போனை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

1998. உனக்கு நாலு வயது. அந்த ராத்திரி உனக்குக் காய்ச்சல், அப்பா சிவகாசியில், உன்னை ஆச்சியிடம் விட்டுவிட்டு டியூட்டிக்குப் போனேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை, என் மனசு எங்கே இருந்தது என்று சொல்கிறேன்.

சாயங்காலம் ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். ஏழு வயது. முருங்கை மரத்தில் ஏறி, கிளை முறிந்து கையை ஊன்றி விழுந்திருக்கிறான், முழங்கைக்கு மேலே முறிவு. அவன் தாத்தா முதலில் நாட்டு வைத்தியரிடம் தூக்கிப்போய், அவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார். ஒரு மணி நேரம் இருந்திருக்கும். நாங்கள் அதைப் பிரித்தோம். டாக்டர் எலும்பை இழுத்துச் சேர்த்து, கையை மடக்கி மாவுக்கட்டு வைத்து, மேலே துணி சுற்றிவிட்டு, காலையில் வருகிறேன் என்று கிளம்பினார். கிளம்பும்போது சொன்னார்: "விரலைப் பாத்துக்கோங்க சிஸ்டர்."

பத்து மணிக்கு அழுதான். ஊசி போட்டேன். பன்னிரண்டரைக்கு மறுபடி அழுதான். மறுபடி ஊசி போட்டேன். பிள்ளை என்றால் அழத்தான் செய்யும் என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். ரெண்டு மணி இருக்கும், அவள் வந்து, "சிஸ்டர், விரல் சில்லுனு இருக்கு" என்றாள். நான் எழுந்து போனேன். வாசலில் நின்றபடி டார்ச்சை அடித்துப் பார்த்தேன். பையன் கண்ணை மூடியிருந்தான், அடங்கிவிட்டான் என்று நினைத்தேன். உள்ளே போய் அந்த விரலைத் தொடவில்லை. தொடவே இல்லை பாப்பா. திரும்பி வந்து ரிப்போர்ட் நோட்டில் எழுதினேன், விரல் நிறம் நன்று, அசைவு நன்று.

காலை ஆறரைக்கு டாக்டர் வந்து துணியைத் தொட்டதுமே கத்தரிக்கோல் கேட்டார். தோல் வரைக்கும் எல்லாவற்றையும் வெட்டிப் பிரித்தார். விரல் நீலமாக இருந்தது. "ராத்திரி எப்படி இருந்தது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நல்லா இருந்தது டாக்டர் என்றேன். நோட்டைக் காட்டினேன்.

திருநெல்வேலிக்கு அனுப்பி, அங்கே கையைக் கீறித் திறந்தார்கள். கை மிஞ்சியது, விரல்கள் மடங்கி அப்படியே இறுகிவிட்டன. ஆறு மணி நேரம் ரத்தம் போகவில்லை என்றாலே சதை திரும்பாது. இறுக்கிய கட்டால் கை இப்படிச் சுருங்கும் என்று வோல்க்மன் என்கிற ஜெர்மன் டாக்டர் 1881-லேயே எழுதிவிட்டார், அதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவள்தான் நான்.

அதோடு போகவில்லை. நாட்டுக்கட்டுதான் காரணம் என்று எல்லாரும் பேசினார்கள். டாக்டரும் அப்படித்தான் நினைத்தார், நோட்டு அப்படித்தானே சொன்னது. அந்தத் தாத்தா கிளினிக் வாசல்படியில் உட்கார்ந்து, நான்தான் என் பேரன் கையைக் கெடுத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். தண்ணீர் மட்டும்தான் கொடுத்தேன். அவர் செத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எட்டயபுரம் ரோட்டில் நான் ஏன் அந்தப் பெட்டிக்கடையைத் தாண்டிப் போய் வேறு கடையில் பால் வாங்குகிறேன் என்று சின்னப் பிள்ளையில் கேட்பாயே. அது அவர்கள் கடை. இப்போது அவன்தான் உட்கார்ந்திருக்கிறான். போன தை மாசம் ஆச்சிக்கு மாத்திரை போட அவசரமாகத் தண்ணீர் பாட்டில் வேண்டியிருந்தது, போனேன். இடது கையால் எடுத்துக் கொடுத்தான், மீதிச் சில்லறையை வலது கை மடக்கிலேயே இடுக்கி வைத்து, இடது கையால் எண்ணிக் கொடுத்தான். "சிஸ்டர் நல்லா இருக்கீங்களா, எங்கம்மா உங்களைக் கேப்பாங்க" என்றான்.

இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

இங்கிலாந்தில் தப்பு நடந்தால் நோயாளியிடம் மறைக்காமல் சொல்லியாக வேண்டும், 2014-லேயே சட்டமாகிவிட்டது என்று நீ ஒரு நாள் சொன்னாய். இப்படியும் ஒரு ஊரா என்று அன்றைக்கு ஆச்சரியப்பட்டேன். எனக்கு அப்படி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை, பயந்திருந்தேன், வேலை போனால் வீடு நடக்காது. உனக்கும் பயம் இருக்கும். லோன் இருக்கிறது, விசா இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த ஸ்டேட்மெண்டில் நீ தொட்டுப் பார்த்திருந்தால் மட்டும் தொட்டேன் என்று எழுது. பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று எழுது. வேலை போனால் இங்கே வா, லோனுக்கு என் வளையல் இருக்கிறது, பின்வாசல் அறையைக் காலி செய்து வைக்கிறேன். ஒருவேளை நான் நினைப்பது எதுவுமே இல்லாமல், நிஜமாகவே சும்மா ஆபீஸ் வேலையாகவும் இருக்கலாம். அப்படியானால் அம்மா மேல் கோபப்படாதே.

நான் இந்த வெள்ளிக்கிழமை அந்தக் கடைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். அவன் அம்மாவும் இருக்கிற நேரமாகப் பார்த்து. என்ன சொல்லப்போகிறேன் என்று இன்னும் வாயில் வரவில்லை.

அத்தை மகன் 14-ம் தேதி லண்டன் வருகிறான், பருப்புப்பொடியும் கடலைமிட்டாயும் கொடுத்துவிடுகிறேன், போய் வாங்கிக்கொள். சோறு கட்டிக்கொண்டு போ. அங்கே கடிகாரத்தை மாற்றிவிட்டார்களாமே, இனி நாலரை மணி நேரம்தானே வித்தியாசம். எனக்கு 4 மணிக்கே முழிப்பு வந்துவிடும், அப்போது உனக்கு ராத்திரி 11.30. தூங்காமல் இருந்தால் கூப்பிடு, கேமராவைப் போடாவிட்டாலும் பரவாயில்லை.

அம்மா