முறைமாப்பிள்ளைய கூடவா அடையாளம் தெரியாது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல வர்ற சரித்திர காதல் தொடர எங்க வீட்டுல ஆச்சி முதக்கொண்டு எல்லாரும் படிக்கோம், அந்த உரிமையிலதான் இத எழுதுதேன். கயத்தாறுல 1799ல கட்டபொம்மன தூக்குல போட்ட கட்டம்லாம் நல்லாவே வந்துச்சு. ஆனா போன வாரம் மணமேடையில பொண்ணு முகத்த மூடி துணி போட்டு, அண்ணனுக்கு பதிலா தம்பிகாரன் வந்து தாலி கட்டிட்டு போயிட்டான்னு எழுதிருக்காரு பாருங்க, அது ஒட்டவே இல்ல. பாளையக்காரங்க வீட்டு கல்யாணத்துல இந்த முக்காடு எங்க இருந்து வந்துச்சு? அதும் மாப்பிள்ளை சொந்த அத்தை மவன்னு ஆரம்பத்துலயே சொல்லியாச்சு. கோயில் கொடை, சடங்கு வீடு, துட்டி வீடுன்னு சின்னதுல இருந்து பாத்த முறைமாப்பிள்ளை, ஆரத்தி தட்டோட நிக்குற மதினிமாருக்கு கூடவா ஆள் மாறுனது தெரியல? நடைய பாத்தே சொல்லிருவாளுவ, ஏமாத்தவா முடியும்னு ஆச்சிக்கு ஒரே சிரிப்பு.

ஆள் மாறாட்டம்தான் வேணும்னா நம்ம சீமையிலயே வழி இருக்கு. ஜமீன் குடும்பங்கள்ல மாப்பிள்ளை வராம அவரு கட்டாரிய, அதான் இடுப்புல சொருகுற குத்துவாள மட்டும் அனுப்பி, அத பொண்ணு பக்கத்துல வச்சு தாலி கட்டுற வழக்கம் இருந்திருக்கு. கட்டுனவன் மூஞ்சிய பாக்காமலே ஒருத்தி பல்லக்கு ஏறி போறா, வழியில எவனோ ஒருத்தன் இடுப்புல அதே மாதிரி கட்டாரி, இவன்தானோன்னு அவளுக்கு ஒரு தடுமாத்தம், இத விட என்ன வேணும்? உனக்கு சம்மதமான்னு அவகிட்ட யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, அந்த கோவத்தையும் சேத்து எழுதுனா பின்னால வர்ற காதல நாங்க நம்புவோம். இப்ப வர்ற கதையில தாலி ஏறுன மறுநிமிசமே அவளுக்கு அவன் மேல பிரியமாம், எரிச்சலா வருது.

இன்னொண்ணு, அவன் பாளையங்கோட்டையில இருந்து குதிரைய விரட்டிக்கிட்டு பாலத்து மேலயே திருநெல்வேலிக்கு வாரான். சுலோசன முதலியார் பாலம் திறந்ததே 1843லதான் சார். அதுக்கு முன்னால தாமிரபரணிய தாண்ட படகு வேணும், வெள்ளம் வந்தா அதும் கஷ்டம். கரையில காத்து கெடக்குற கூட்டத்துல ரெண்டு பல்லக்கு மாறி போச்சுன்னு எழுதியிருந்தா நானும் வாய மூடிட்டு படிச்சிருப்பேன்.

தொடர் முடிஞ்சு புத்தகமா போடுறப்பவாச்சும் அந்த முக்காட்டையும் பாலத்தையும் எடுத்துர சொல்லுங்க. தம்பிகாரன் என்ன ஆனான்னு இந்த வாரம் கண்டிப்பா சொல்லிருவாருல்லா?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை