ஞாயிறு நடை: ஸ்டூர்ஹெட் தோட்டம்

வணக்கம். இந்த ஞாயிறு இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் இருக்கும் ஸ்டூர்ஹெட் போகிறோம். நடை முதலில், தோட்டம் அப்புறம், ஏனென்றால் ஏரிக்கரையில் ஒருதடவை உட்கார்ந்துவிட்டால் நம்மில் யாரும் எழுந்து மேடு ஏறப்போவதில்லை. காட்டு வழியே ஆல்ஃபிரட் மன்னர் கோபுரம் சுமார் 4 கிலோமீட்டர். 1772-ல் கட்டி முடித்த முக்கோணச் செங்கல் கோபுரம், 205 படி; தினமும் திறப்பதில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்து ஏரி இயற்கையானது இல்லை, ஹென்றி ஹோர் என்ற வங்கிக் குடும்பத்துக்காரர் அணை போட்டுத் தேக்கியது. கல்பாலத்திலிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் ரோமானியக் கோயில் பாணியில் கட்டிய பாந்தியன் மண்டபம் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும், அதற்காகவே வரலாம். காட்டில் சேறு இருக்கும், மாற்றுச் செருப்பு அவசியம். வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள், யார் யார் எந்தக் காரில் என்று பிரிக்க வேண்டும்.